பதினைந்தாம் கேள்வி

தூத்துக்குடி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கிளைட்டன் எழுதுவது. அம்மா, பிளாரன்ஸ், நான் மூவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலைப் பூசைக்கு நடந்தே போய் வருகிறாள். மஸ்கட்டில் குளிர் விட்டதா? மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடுவதை நிறுத்தினாயா?

ஒரு உதவி வேண்டும். போனில் கேட்டால் ‘சரி, பாப்போம்’ என்று வைத்துவிடுவாய். அதனால் மெயிலில் விவரமாக எழுதுகிறேன்.

நான் நடத்தும் ‘முத்துக்கரை’ பற்றிச் சொல்லியிருக்கிறேன். பேஸ்புக் மாதிரிதான் இருக்கும், ஆனால் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. ஊருக்கு ஊர் யாராவது ஒருவர் சர்வர் வைத்திருப்பார். ஒரு சர்வரில் எழுதுவதை மற்ற சர்வரில் இருப்பவர்கள் படிக்கலாம், பதிலும் எழுதலாம். நம் கரைக்கு நான் வைத்திருக்கிறேன். காயல்பட்டினத்தில் ரிஃப்கா என்ற பெண் ‘காயல் முற்றம்’ என்று ஒன்று வைத்திருக்கிறாள். ஷிப்பிங் ஆபீஸ் வேலை போக மிச்ச நேரம் முழுக்க எனக்கு இதிலேயே போகிறது. இப்போது அறுநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். அதில் எழுபது பேர் கடலுக்கடியில் மூழ்கிச் சங்கு எடுக்கும் குளியாட்கள்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. ‘குளித்து ஏறியபின் மூட்டு வலித்தால் பயப்பட வேண்டாம், மறுபடி ஏழு பாகம், அதாவது நாற்பதடி ஆழம் இறங்கி அரைமணி நேரம் இருங்கள், வலி போய்விடும். இது ஓமனில் இருக்கும் நம்மூர் டாக்டர் சொன்னது.’ அந்த டாக்டர் நீதான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். இரண்டு பேர் அப்படியே இறங்கியும் பார்த்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் நீ முத்துக்கரையில் வந்து உட்கார வேண்டும். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நீ எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும். மாட்டேன் என்று சொல்லாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கிளைட்டன்


மஸ்கட்
14 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். சாப்பாடு இப்போது மூன்றரைக்கு. அதற்கே என்னைப் பாராட்ட வேண்டும்.

நான் அப்படி யாரிடமும் சொல்லவில்லை! வலியோடு மறுபடி இறங்கினால் அப்போதைக்கு வலி அடங்கும். ஏறிய பிறகு கால் இரண்டும் வராமல் போகலாம். அப்படிப்பட்டவர்களைத்தான் இங்கே இரும்பு அறைக்குள் படுக்கவைத்து, காற்றழுத்தம் ஏற்றி, மணிக்கணக்காக வைத்தியம் பார்க்கிறேன். வருகிறேன் ஏலே, கட்டாயம் வருகிறேன்.

ஆனால் என் பெயரில் எவனோ பேசியிருக்கிறான் என்பதால் சில விஷயங்களில் நான் கறாராக இருப்பேன். பேசுவது நான்தான் என்று ஜனங்கள் எப்படித் தெரிந்துகொள்வார்கள்? நீ என் தம்பி, நீ சொன்னால் போதும் என்பதெல்லாம் நம் வீட்டுக்குள் செல்லும். வெளியாள் தானே சரிபார்க்க ஒரு வழி வேண்டும். கேள்விகளை முன்கூட்டி எனக்கு அனுப்பாதே. எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுதுவேன், அதை நீ திருத்தக் கூடாது. கேட்டவர் பெயர் சொல்ல விரும்பாவிட்டால் தோண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, வந்த கேள்வி வந்தபடி நிற்க வேண்டும். பிடிக்காத கேள்வி காணாமல் போனால், நிற்கிற பதிலையும் ஒருவனும் நம்பமாட்டான்.

பிளாரன்ஸுக்கு என் அன்பு. அம்மாவை மாடிப்படி ஏற விடாதே.

உன்
ஏஞ்சலின் அக்கா


தூத்துக்குடி
2 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மா தவக்காலத்துக்கு முன்னாலேயே மீனை விட்டுவிட்டாள். கேட்டால் முழங்காலுக்காக என்கிறாள்.

உன் நிபந்தனைகள் அத்தனையும் சரி. முதல் விஷயத்துக்கு வழி இருக்கிறது. உன் மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் உன் பெயருக்குக் கீழே உன் முத்துக்கரைக் கணக்கின் முகவரியைப் போடச் சொல். உன் கணக்கில் நீ மருத்துவமனைப் பக்கத்தைப் போடு. இரண்டும் ஒன்றையொன்று காட்டினால் உன் பெயர்ப் பக்கத்தில் பச்சை டிக் விழும். அதைக் காசு கொடுத்து வாங்கவும் முடியாது, நான் நினைத்தாலும் போட முடியாது. சந்தேகப்படுகிறவன் மருத்துவமனைப் பக்கத்துக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 16, ஞாயிறு, மாலை ஐந்து மணி. ஏலக்கூடத்துச் சுவரிலும் கோயில் பலகையிலும் எழுதிப் போட்டாயிற்று. கணக்கு இல்லாதவர்களுக்காக பிளாரன்ஸ் போனோடு ஏலக்கூடத்தில் உட்காருவாள். அவர்கள் சொல்வதை அப்படியே அடிப்பாள். வரும் கேள்விகளுக்கெல்லாம் வரிசை எண் போடுவது என் வேலை.

பிளாரன்ஸின் அப்பா பர்னபாஸ் மாமாவுக்குத்தான் ரொம்பப் பெருமை. ‘மருமவன் அக்காவாமுல்லா டாக்டரு’ என்று கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். தன் வள்ளத்துக்கு இப்போது புது எஞ்சின் வைத்திருக்கிறார். மூன்று குளியாட்களுக்கும் வள்ளத்தில் இருக்கும் ஒரே கம்பிரசர்தான் குழாய் வழியாகக் காற்று கொடுக்கிறது. வேலை நன்றாக ஓடுகிறது.

பச்சை டிக் விழுந்ததும் எழுது.

அன்புடன்,
கிளைட்டன்


மஸ்கட்
18 மார்ச் 2025

அன்புத் தம்பி,

அங்கே எல்லோரும் சுகந்தானே? எனக்கு இன்னும் விரல் வலிக்கிறது, ஆனால் இவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகிறது. இரண்டரை மணி நேரத்தில் அறுபத்தொரு கேள்வி! மணப்பாட்டுக்காரர் ஒருவர், தன் இடது தோளை அழுத்தினால் எங்கே வலிக்கிறது என்பதைப் படம் வரைந்து அனுப்பியிருந்தார் பார்த்தாயா? இங்கே படித்து வரும் டாக்டர்களே அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. மூன்று கேள்விக்குத் தெரியாது என்று எழுதினேன். அதற்கு ஒரு பெரியவர், ‘தெரியாதுன்னு சொல்லுத டாக்டரை இப்பதான் பாக்கேன், மத்ததை நம்பலாம்’ என்று பதில் போட்டார். நேற்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் அதை நினைத்துச் சிரித்தேன்.

அந்தக் குரல் பதிவு பொய் என்று இப்போது கரை முழுக்கத் தெரியும். நீ சாதித்துவிட்டாய்.

சின்னச் சந்தேகம் ஒன்று. நேற்று எல்லாவற்றையும் மறுபடி வரிசையாகப் படித்தேன். பதினான்கு இருக்கிறது, பதினாறு இருக்கிறது. பதினைந்து எங்கே?

பிளாரன்ஸுக்கும் விரல் வலித்திருக்கும். என் பெயரைச் சொல்லி அவளுக்கு மக்ரூன் வாங்கிக் கொடு.

உன்
ஏஞ்சலின் அக்கா


தூத்துக்குடி
30 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது; ஆபீசில் கணக்காண்டு முடிகிற நேரம்.

வெயில் இப்போதே தாங்கவில்லை. அம்மாவுக்கு மேல்மாடி வேண்டாம் என்று கட்டிலைக் கீழே போட்டாயிற்று. பிளாரன்ஸுக்கு மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். பாதியை அம்மா தின்றாள். கேள்வி பதில் முழுவதையும் அச்சிட்டுப் படகுச் சங்கத்தில் ஒட்டியிருக்கிறோம். வேம்பாரிலிருந்துகூட ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ரிஃப்கா அடுத்து கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் விஷயத்தில் இப்படி ஒன்று நடத்தலாம் என்கிறாள். உன்னிடம் அவளுக்கு மிகுந்த மரியாதை. முத்துக்கரையில் புதிதாக நூற்றிருபது பேர் சேர்ந்திருக்கிறார்கள். சர்வருக்கு இடம் போதாமல் கூடுதலாக எடுத்தேன். ஒரு வாரம் அந்த வேலைதான்.

எண் போடுவதில் பிழை. வேகத்தில் ஒன்று தாண்டிவிட்டது.

பாஸ்கா திருநாளுக்கு நீ வரமுடியுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
கிளைட்டன்


மஸ்கட்
5 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? பாஸ்காவுக்கு வர முடியாது என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல். டிசம்பரில் ஒரு மாதம் இருப்பேன்.

எண்பிழைதானா, சரி. நான் என்னவெல்லாமோ நினைத்துவிட்டேன். வியாழக்கிழமை எங்கள் மருத்துவமனைக் கூட்டத்தில் நம் நிகழ்ச்சியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். எங்கள் தலைமை டாக்டர், ‘நடத்துகிறவர் தனக்கு வேண்டாத கேள்விகளை நீக்கியிருக்க மாட்டார் என்று எப்படி நம்புவது?’ என்று கேட்டார். ‘நடத்தியது என் தம்பி. ஒரு கேள்விகூட நீக்கப்படவில்லை, ஒரே ஒரு எண்தான் தாண்டியிருக்கிறது, அதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்’ என்று சொன்னேன். இங்கேயும் அதே மாதிரி நடத்தப் போகிறார்கள்.

வெயிலில் அலையாதே.

உன்
ஏஞ்சலின் அக்கா


மஸ்கட்
11 மே 2025

தம்பி,

நான் எழுதி ஐந்து வாரம் ஆகிறது. பாஸ்கா வாழ்த்துக்கும் பதிலில்லை. அம்மாவிடம் கேட்டால், ‘சாப்பிடுதான், வேலைக்குப் போறான், ஆனா மூஞ்சி சரியில்ல’ என்கிறாள். பிளாரன்ஸ் ‘உங்களுக்கு எழுதுவாவ மைனி’ என்று பேச்சை மாற்றுகிறாள்.

உனக்கு உடம்பு சரியில்லையா? உங்களுக்குள் ஏதாவது மனத்தாங்கலா? என்னவென்றாலும் எழுது. ஒரு வரி போதும்.

அக்கா


தூத்துக்குடி
18 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்களுக்குள்ளும் ஒன்றுமில்லை. எழுத முகமில்லாமல் இருந்தேன்.

எண்பிழை இல்லை. பதினைந்தாம் கேள்வி வந்தது. எண் போட்ட பிறகுதான் படித்தேன். காயல் முற்றத்திலிருந்து பெயர் சொல்லாத ஒரு கணக்கு கேட்டிருந்தது. அப்படியே தருகிறேன்:

‘கம்பிரசர் காற்றில் குளித்து ஏறினால் மண்டை பிளக்குற மாதிரி வலி, வாந்தி. எங்க வள்ளத்துல மூணு பேருக்கும் இருக்கு. எல்லா நாளும் இல்ல, மேகாத்து அடிக்க நாள்ல மட்டும். புது எஞ்சின் வெச்ச பெறகுதான் இப்படி. பர்னபாஸ் அண்ணாச்சிட்ட சொன்னா வெயில்னு சொல்லுதாரு. இது என்ன டாக்டர்?’

அதில் மாமா பெயர் இருந்தது. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவரும் ஏலக்கூடத்தில் பிளாரன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பெருமையாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். தனி ஆளைக் குறிவைக்கும் பதிவு என்று எனக்கு நானே காரணம் சொல்லி, என் சர்வரிலிருந்து எடுத்துவிட்டேன். பெயரை மட்டும் மறைத்துக் கேள்வியை விட்டிருக்கலாம். அந்த நினைப்பே வரவில்லை. உன் கணக்கு என் சர்வரில் இருப்பதால் உன் கண்ணில் படாமல் போய்விட்டது.

ஏப்ரல் 29ஆம் தேதி மாமா வள்ளத்தில் ஜேசுபாதம் என்ற குளியாள், ஏழு பாகத்தில் நினைவு தப்பிவிட்டான். கூட இறங்கியவன் பார்த்து மேலே இழுத்துப் போட்டான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் இன்னும் தலை சுற்றுகிறது என்கிறான். குழாய் மடங்கி மூச்சு அடைத்துவிட்டது என்று மாமா குழாயைப் புதிதாக மாற்றினார். வள்ளம் மறுபடி கடலுக்குப் போகிறது.

ஜேசுபாதம் விழுந்த மறுநாள் ரிஃப்கா போன் செய்தாள். ‘அண்ணே, அந்தக் கேள்வியை நீங்க பாக்காம விட்டுட்டியன்னு இத்தன நாளா நெனச்சிருந்தேன். இப்ப பாத்தா உங்க பக்கத்துல அது இல்லவே இல்ல. எங்க சர்வர்ல நிக்குது. ஏன் இதுக்கு மட்டும் பதிலில்லன்னு கீழே பதினோரு பேரு கேட்டிருக்காங்க’ என்றாள். கேட்டது யார் என்றேன். ‘தெரியும். சொல்ல மாட்டேன். என்னை நம்பிக் கணக்கு வெச்சிருக்காங்க’ என்று சொல்லிவிட்டாள்.

பிளாரன்ஸிடம் சொன்னேன். ‘எங்கப்பாவுக்காகச் செஞ்சியளா, இல்ல எங்கப்பா மூஞ்சியப் பாத்துப் பேச பயந்து செஞ்சியளா?’ என்று கேட்டாள். இரண்டாவதுதான் அக்கா.

நான் உன்னிடம் பொய் சொன்னேன். நீ அதை நம்பி ஒரு கூட்டத்தில் பேசினாய். அந்தக் கடிதத்தைத் திறந்து திறந்து மூடினேன்.

இது என்ன நோய்? நான் என்ன செய்யட்டும்?

கிளைட்டன்


மஸ்கட்
19 மே 2025

தம்பி,

உன் கடிதத்தைப் படித்த நிமிஷமே போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. பிளாரன்ஸ் எடுத்தாள். அப்பாவின் வள்ளம் நாளை கடலில் இறங்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஏன் என்பதை அவரிடம் நீ போய்ச் சொல்ல வேண்டும். இன்றைக்கே.

இது எஞ்சின் புகை. புது எஞ்சினின் புகைக்குழாய், கம்பிரசர் காற்று இழுக்கும் பக்கமாகத் திரும்பியிருக்கும். மேல்காற்று அடிக்கிற நாளில் புகை நேரே அதற்குள் போகிறது. அதில் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு விஷவாயு உண்டு. அதற்கு வாசனை கிடையாது. மேலே கொஞ்சமாக இருப்பது ஆழத்தில் இரண்டு மடங்குக்கு மேல் வேலை காட்டும். ‘மேகாத்து அடிக்க நாள்ல மட்டும்’ என்று கேட்டவர் எழுதியிருக்கிறார் பார், நோயை அவரே கண்டுபிடித்துவிட்டார். நான் பெயர் மட்டும் சொல்லியிருக்க வேண்டும். அரை நிமிஷ வேலை.

காற்று இழுக்கும் வாயை நீளக் குழாய் போட்டு எஞ்சினுக்கு எட்ட, உயரமாகக் கொண்டுபோக வேண்டும். புகைக்குழாயை மறுபக்கம் திருப்ப வேண்டும். அந்த வாயு இருக்கிறதா என்று காட்டும் சின்னக் கருவி ஒன்றை இங்கிருந்து அனுப்புகிறேன். அது வந்து சோதித்துப் பார்க்காமல் ஒருவரும் இறங்கக் கூடாது. ஜேசுபாதத்தை நரம்பு டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய். நான் அவரிடம் பேசுகிறேன்.

கோபம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பேசியதை வியாழக்கிழமை அதே கூட்டத்தில் திருத்துவேன். அது என் வேலை. உன் வேலை உன்னிடம் இருக்கிறது. நீ அதைச் செய்வாய் என்று எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் நேற்று எனக்கு எழுதியிருக்கமாட்டாய்.

அக்கா


தூத்துக்குடி
8 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். நானும் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். கருவி வந்து சேர்ந்தது.

அன்றைக்கே மாமா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து முகமூடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

‘கேள்வி என்னைக்கு வந்துச்சு?’

‘மார்ச் பதினாறு மாமா.’

‘ஜேசுபாதம் விழுந்தது ஏப்ரல் இருபத்தொம்பது.’ விரல் விட்டு எண்ணினார். ‘நாப்பத்திநாலு நாளு. ஒரு நீளக் குழாய், மருமவனே. அன்னைக்கே எங்கிட்ட வந்து சொல்லியிருந்தீருன்னா மறுநாளே மாட்டியிருப்பேன். என் மானத்தைக் காப்பாத்துதேன்னு என்னைக் கொலகாரனா ஆக்கப் பாத்தீரே!’

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. முகமூடிகளைக் கழுவி முடித்துவிட்டு, ‘இன்னும் அந்தக் கேள்வி அங்கன நிக்கா?’ என்றார். காயல் முற்றத்தில் இருக்கிறது என்றேன். ‘அப்ப அதுக்குப் பதில் சொல்லணும்லா. கேட்டது என்னைப் பத்தி. நான்தான் சொல்லணும்’ என்றார்.

மறுநாள் முத்துக்கரையில் எழுதினேன்: ‘பதினைந்தாம் கேள்வியை நான் நீக்கினேன். அதில் என் மாமனார் பெயர் இருந்ததுதான் காரணம். எண்பிழை என்று டாக்டரிடம் சொன்னது பொய்.’ கீழே அந்தக் கேள்வியையும் உன் பதிலையும் முழுதாகப் போட்டேன். ஒரு வாரத்தில் எண்பத்துநான்கு பேர் கணக்கை எடுத்துக்கொண்டு வேறு சர்வர்களுக்குப் போய்விட்டார்கள். பாதிப்பேர் ரிஃப்காவிடம் போனார்கள். யாரையும் தடுக்க வழியில்லை, இருந்தாலும் தடுத்திருக்கமாட்டேன். உன் பதிலைப் படித்துவிட்டு ஆலந்தலையில் இரண்டு வள்ளத்தில் புகைக்குழாயை மாற்றியிருக்கிறார்கள்.

மாமா பதில் சொல்லும் நிகழ்ச்சி ஜூன் 22. ஏலக்கூடத்தில் எல்லோர் கண்முன்னும் அவர் உட்கார்ந்து பேசுவார், அதனால் ஆள் அவர்தானா என்ற சந்தேகம் வராது. கேள்விகளுக்கு எண் போடுவது ரிஃப்கா. அதைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. எதையாவது நீக்க நேர்ந்தால் இரண்டு பேரும் சம்மதித்து, காரணத்தோடு அந்த எண்ணிலேயே எழுதிவைக்க வேண்டும். இது இனி எங்கள் இரண்டு சர்வருக்கும் சட்டம்.

ஜேசுபாதத்துக்குத் தலைசுற்றல் குறைகிறது. நீ டாக்டரிடம் பேசியபின் அவனுக்குத் தெம்பு.

கிளைட்டன்


மஸ்கட்
12 ஜூன் 2025

அன்புத் தம்பி,

சுகம். கூட்டத்தில் திருத்திச் சொல்லிவிட்டேன். தலைமை டாக்டர் உடனே இங்கே எண் போடும் வேலையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

போனவர்களை நினைத்து வருந்தாதே. 22ஆம் தேதி அவர்களும் எங்கிருந்தாவது படிப்பார்கள். நானும் படிப்பேன். மருத்துவக் கேள்வி வந்தால் மட்டும் வாய் திறப்பேன்.

பர்னபாஸ் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். இங்கே பெரிய கம்பெனி முதலாளிகள்கூட இப்படி வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

உன்
ஏஞ்சலின் அக்கா


தூத்துக்குடி
29 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று இராயப்பர் திருநாள். அம்மா இரண்டு பூசை கண்டுவிட்டு, களைப்பாக ஆனால் சந்தோஷமாக இருக்கிறாள். நீ 22ஆம் தேதி எல்லாவற்றையும் படித்திருப்பாய். எழுத்தில் வராததை எழுதுகிறேன்.

ஏலக்கூடத்தில் இருநூறு பேருக்கு மேல். மாமா வெள்ளைச் சட்டை போட்டு நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் பிளாரன்ஸ் போனோடு. ‘ஏளா, நான் சொல்லுதத அப்படியே அடி. அழகுபடுத்தாத’ என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ரிஃப்கா முதல் எண் போடுவதற்குள் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்தாள். ஜேசுபாதத்தின் மனைவி ஜெபசெல்வி. ‘பதினஞ்சாவது கேள்வியக் கேட்டது நான்தான்’ என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்: ‘உங்க சர்வர்ல கேட்டா நிக்காதுன்னு நெனச்சுத்தான் ரிஃப்காட்டப் போனேன். அங்க நிக்குது, உங்க கண்ணுல பட்டதும் உங்க பக்கத்துல நிக்கல.’

‘ஆமா. தப்பு என்னுது’ என்றேன். அவள் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமா பக்கம் திரும்பினாள்.

‘அண்ணாச்சி, இவிய தலைவலிக்குன்னு உங்ககிட்ட எத்தன மட்டம் சொன்னாவ?’

‘மூணு மட்டம்.’

‘நீங்க என்ன சொன்னிய?’

‘வெயில்னு சொன்னேன். மேகாத்து அடிக்க நாள்ல மட்டுந்தான்னு எனக்கு எவனும் சொல்லல ஏளா. ஆனா நானும் கேக்கல. எந்த நாளு, எந்நேரம், எத்தன பேருக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல.’

பிளாரன்ஸ் அடித்துக்கொண்டே இருந்தாள். கண்ணைத் துடைக்கக்கூட நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு நாற்பத்தெட்டுக் கேள்வி. ஜேசுபாதத்தின் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, கம்பிரசரை யார் சோதிப்பது, மாமா பெயரைச் சொல்லிக் கேட்டவளின் வீட்டுக்காரனுக்கு இனி வேலை உண்டா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்குமட்டும் கோபம் வந்துவிட்டது: ‘வேல இல்லன்னு எவம்லே சொன்னான்?’ அதையும் பிளாரன்ஸ் அப்படியே அடித்தாள். ஒரு கேள்விகூட நீக்கப்படவில்லை. ஒன்று வெறும் வசவு. அதையும் நிற்கட்டும் என்று மாமாவே சொல்லிவிட்டார்.

முடியும்போது ஆலந்தலையிலிருந்து ஒருவர் கேட்டார்: ‘அந்தக் காற்றை மூச்சிழுத்து நீரே இறங்குவீரா?’

‘நாளைக்குக் காலையில வந்து பாக்கச் சொல்லு’ என்றார் மாமா.

அறுபத்தாறு வயது, அக்கா. சங்கு குளிப்பதை விட்டு இருபது வருடம் ஆகிறது. பிளாரன்ஸ் அழுதாள், நான் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். கேட்கவில்லை. காலையில் நானும் வள்ளத்தில் போனேன். ஜேசுபாதம் இன்னும் இறங்குவதில்லை; இப்போது கம்பிரசரைப் பார்த்துக்கொள்வது அவன்தான். நீ அனுப்பிய கருவியைக் காற்று வாயில் வைத்துப் பார்த்து, பூஜ்யம் என்று சத்தமாகச் சொன்னான். நல்ல மேல்காற்று. புகை மறுபக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆலந்தலை வள்ளங்கள் இரண்டும் பக்கத்தில் நின்றன. மாமா முகமூடியை மாட்டி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மூன்று பாகம் தண்ணீரில் இறங்கினார்.

பன்னிரண்டு நிமிஷம். ஜேசுபாதம் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, நான் குழாயிலிருந்து எடுக்கவில்லை.

ஏறி வந்து வள்ளத்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முகமூடியைக் கழற்றி, மூச்சு வாங்கியபடி என்னைக் கூப்பிட்டார்.

‘மருமவனே, போனை எடும். எழுதும். காத்து நல்லாயிருக்கு.’

அடித்தேன்.

‘இத முன்னாலேயே ஒருக்கா நான் இறங்கிப் பாத்திருக்கணும்னும் எழுதும். ரெண்டாவதை விட்டுறாதேயும்.’

இரண்டையும் எழுதினேன், அக்கா. இரண்டும் நிற்கின்றன.

அம்மாவின் முத்தங்களோடு,
உன் தம்பி
கிளைட்டன்